அஷ்டமுடி காயல்: மீனவர்கள் விதியை மதித்தும் மட்டி ஏன் குறைந்தது?

'இந்த மீன்பிடி நீடித்து நடக்கக்கூடியது, கடலையோ காயலையோ காலி செய்யாது' என்று சொல்லும் சர்வதேசச் சான்றிதழை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது எது தெரியுமா? சூரையோ, இறாலோ, பெரிய விசைப்படகுகள் பிடிக்கும் எந்த மீனுமோ இல்லை. மட்டி. கேரளாவின் கொல்லத்தில், அஷ்டமுடி காயலின் மணலுக்குள் புதைந்து வாழும் ஒரு சின்னச் சிப்பி. வருடம் 2014.

பத்து வருடம் கழித்து, 2024-ல், அதே காயலில் விஞ்ஞானிகள் பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஏன்னா, இயற்கையாக வரவேண்டிய குஞ்சு போதுமான அளவுக்கு வரவில்லை.

உலகமே பாராட்டிய ஒரு மீன்பிடி, பத்தே வருடத்தில் குஞ்சு வாங்கி விடும் நிலைக்கு எப்படி வந்தது? 'மீனவர்கள் பேராசைப்பட்டு அள்ளிட்டாங்க' என்ற வழக்கமான பதில் இங்கே பொருந்தாது. அதனால்தான் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டி இருக்கிறது.

அஷ்டமுடி எப்படிப்பட்ட இடம்?

வார இறுதியில் மன்றோ துருத்துக்குப் போய்ச் சின்ன வள்ளத்தில் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றிவிட்டு இன்ஸ்டாகிராமில் படம் போட்டவரா நீங்கள்? அப்படியானால் அஷ்டமுடியை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். கல்லடை ஆறு காயலில் வந்து சேரும் இடத்தில்தான் அந்தத் தீவு இருக்கிறது. செங்கோட்டை தாண்டி மலையேறும் கொல்லம் ரயிலில் தென்மலை என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அங்கே அணை கட்டியிருப்பதும் இதே ஆற்றில்தான். இந்த அணை பின்னால் கதைக்குள் வரும்.

எட்டுக் கிளைகளாக விரிவதால் அஷ்டமுடி என்று பெயர். பரப்பு சுமார் 61 சதுர கிலோமீட்டர். கேரளாவின் காயல்களில் வேம்பநாட்டுக்கு அடுத்த இடம் இதற்கு. ஒரு பக்கம் ஆற்று நன்னீர் இறங்கும். இன்னொரு பக்கம், நீண்டகரையில் இருக்கும் முகத்துவாரம் வழியாக அரபிக்கடல் உள்ளே வந்துபோகும். இரண்டும் கலக்கும் இந்த மாதிரி இடத்தைத்தான் கழிமுகம் என்கிறோம். 2002-ல் இது ராம்சார் சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நீரின் உப்பு ஒருநாளும் ஒரே மாதிரி இருக்காது. ஓதம் ஏறினால் கூடும், வடிந்தால் குறையும். பருவமழை கொட்டும்போது காயலின் பெரும்பகுதி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மழை விட்டபிறகு கடல் மறுபடியும் மெதுவாக உள்ளே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் பல உயிர்கள் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கின்றன. இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடுவது கடலில். ஆனால் குஞ்சு வளர்வது கழிமுகத்தில். அலையாத்தி வேர்களுக்கும் சேற்றுக்கும் இடையில் பெரிய மீன்களிடமிருந்து தப்பி, தின்று கொழுத்து, பிறகு மறுபடியும் கடலுக்குப் போகும். கடலில் பிடித்த இறால் உங்கள் தட்டுக்கு வருகிறது என்றால், அது சின்ன வயதில் ஏதோ ஒரு காயலில் வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

'மீன் வாழிடம்' என்று அரசு ஆவணங்கள் சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். தண்ணீர் மட்டுமல்ல, அடியில் இருக்கும் மணலின் தன்மை, எந்த மாதத்தில் எவ்வளவு உப்பு, கரையில் எவ்வளவு அலையாத்தி, எவ்வளவு சாக்கடை எல்லாமே கணக்கு.

ஓடத் தெரியாத உயிர்

மட்டிக்குத் துடுப்பு கிடையாது. மணலில் புதைந்து, தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று, அப்படியே உட்கார்ந்திருக்கும். படகு வந்தால் ஓடாது. ஆக, தீர்த்துக்கட்டுவது ரொம்பச் சுலபம். அதே காரணத்தால் நிர்வகிப்பதும் ஓரளவு சுலபம்தான். மத்தி மாதிரி இன்றைக்கு இங்கே நாளைக்கு மங்களூர் என்று இடம் மாறாது. எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இந்த வருடம் விட்டுவைத்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் பலன் தெரியும். அதே ஊர்க்காரருக்கே தெரியும்.

எடுக்கும் முறையும் எளிமையானது. ஆழமில்லாத இடத்தில் காலாலும் கையாலும் துழாவி எடுப்பார்கள், இல்லை முங்கி எடுப்பார்கள். கொஞ்சம் ஆழமான இடத்தில், நீண்ட கம்பின் முனையில் வலை கட்டிய வாரியை வள்ளத்திலிருந்து இறக்கி, அடிமணலை வாரி இழுப்பார்கள். கரைக்கு வந்ததும் வேகவைப்பது, ஓடு பிரிப்பது, சலிப்பது, கழுவுவது. இதில் பெரும்பங்கு பெண்களின் உழைப்பு. சதை ஏற்றுமதிக்குப் போகும். ஓடு சுண்ணாம்புக்குப் போகும். எடுப்பவர், சுத்தம் செய்பவர், விற்பவர் என்று சுமார் 3,000 பேரின் பிழைப்பு இதில் இருந்தது.

10,000 டன்னிலிருந்து பாதி

வணிக ரீதியாக மட்டி எடுப்பது அஷ்டமுடியில் 1981 வாக்கில் தொடங்கியது. காரணம் உள்ளூர்ச் சந்தை அல்ல. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் தேவை. வெளிநாட்டு விலை வந்ததும் என்ன நடக்குமோ அது நடந்தது. 1991-ல் வருடத்துக்கு 10,000 டன் என்ற உச்சம். 1993-க்குள் அது பாதியாகிவிட்டது. அளவுக்கு மீறி எடுத்ததுதான் காரணம், அதில் சந்தேகம் இல்லை.

பொதுவாக இந்தியாவில் இந்தக் கட்டத்தோடு கதை முடிந்துவிடும். வளம் தீரும், ஏற்றுமதியாளர் வேறு ஊருக்குப் போவார், மீனவர் வளைகுடாவுக்கோ கட்டட வேலைக்கோ போவார். இங்கே அப்படி ஆகவில்லை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில பரிந்துரைகளைக் கொடுத்தது. அவை விதிகளாயின.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது. புதிய குஞ்சு மணலில் இறங்கி வேர்பிடிக்க வேண்டிய காலம் அது. வாரியில் கட்டும் வலையின் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சின்னது கீழே விழுந்துவிட வேண்டும். இயந்திரம் வைத்து அள்ளக் கூடாது. இந்த மூன்றும் எந்த ஊர் மீன்பிடி விதியிலும் நீங்கள் பார்க்கக்கூடியவைதான்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்த விதி. ஏற்றுமதிக்குப் போகும் மட்டிச் சதையில் ஒரு கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, மட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் ஏற்றுமதியாகாது. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். எட்டுக் கிளையாகப் பிரியும் காயலில் நூற்றுக்கணக்கான வள்ளங்களின் வலைக்கண்ணை அளந்து பார்க்க எத்தனை அதிகாரி வேண்டும்? யாரால் முடியும்? ஆனால் அவ்வளவு மட்டியும் கடைசியில் சில ஏற்றுமதியாளர்களின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே ஒரு தராசு வைத்தால் போதும். சின்ன மட்டிக்குக் காசு கிடைக்காது என்றால், அதை வாரி எடுத்து வேகவைக்கும் உழைப்பு வீண். அதனால் காயலிலேயே விட்டுவிடுவார்கள். போலீஸ் செய்யவேண்டிய வேலையை விலை செய்துவிடுகிறது.

விதிகள் வேலை செய்தன. உற்பத்தி மீண்டது. 2014-ஐ ஒட்டிய பத்து வருடங்களில் வருடத்துக்குச் சுமார் 10,000 டன் என்ற அளவிலேயே நிலையாக நின்றது. இதற்கு மீனவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வருடத்தில் மூன்று மாதம் சம்பளம் வராது என்று உங்கள் ஹெச்.ஆர். மெயில் போட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் அவர்கள் வருடா வருடம் ஏற்றுக்கொண்டார்கள். விதிமீறலே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மொத்தத்தில் விதி நின்றது, அவ்வளவுதான்.

சான்றிதழ் எதற்கு?

வியட்நாமின் பென் ட்ரே மாகாணத்து மட்டி மீன்பிடி 2009-ல் எம்.எஸ்.சி. எனப்படும் கடல்வளப் பாதுகாப்பு மன்றத்தின் சான்றிதழைப் பெற்றது. அதற்குப் பிறகு அங்கே மட்டிக்கு மரியாதை கூடியது. அதைப் பார்த்துத்தான் அஷ்டமுடியிலும் ஆசை பிறந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா அமைப்பும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கூடவே நின்றன. மீனவர்கள், பதப்படுத்துபவர்கள், ஏற்றுமதியாளர்கள், மீன்வளத் துறை, விஞ்ஞானிகள், மாவட்ட நிர்வாகம் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரும்படி ஒரு நிர்வாகக் குழுவும் உருவானது. அதுவரை 'மேலே இருந்து வந்த உத்தரவு' என்பதாக இருந்த விதிகள், இப்போது பேசி முடிவெடுக்கும் விஷயமாக மாறின. சான்றிதழைவிட இந்தக் குழுதான் பெரிய சாதனை என்பது என் கருத்து.

எம்.எஸ்.சி. மூன்று கேள்விகள் கேட்கும். பிடிக்கும் இனம் போதுமான அளவில் இருக்கிறதா? பிடிக்கும் முறை சுற்றியிருக்கும் சூழலைக் கெடுக்கிறதா? நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா? மூன்றுமே நல்ல கேள்விகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மீன்பிடியால் காயலுக்கு என்ன கெடுதி என்று கேட்கிறார்கள். ஊரால் காயலுக்கு என்ன கெடுதி என்று கேட்கும் தேர்வு இல்லை இது.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்த அணைக்கு வருவோம். கல்லடை ஆற்றின் குறுக்கே தென்மலையில் கட்டியது பாசனத்துக்கான அணை. அணைகள் தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மணலையும் வண்டலையும் சேர்த்தே நிறுத்தும். ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்து படியவேண்டிய வண்டல் குறைந்ததுதான், மன்றோ துருத்தின் வீடுகளுக்குள் இப்போது ஓதநீர் ஏறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று பலரும் சுட்டுகிறார்கள். நீங்கள் படம் எடுத்த அந்த வாய்க்கால் கரைகளில், அரிக்கப்பட்டு உப்பேறி நிற்கும் சுவர்களையும் பார்த்திருப்பீர்கள்.

மட்டிக்கு உப்பின் காலக்கணக்கு உயிர்ப் பிரச்சினை. நன்னீர் திடீரென்று வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும். மழை எப்போதும் இப்படித்தான் பெய்கிறது, மட்டி எப்போதும் இப்படித்தான் கொஞ்சம் சாகிறது, மிச்சம் இருப்பது அடுத்த தலைமுறையைக் கொடுக்கிறது. ஆனால் 2018 பெருவெள்ளம் மாதிரியான ஆண்டுகளும், நேரம் தப்பி டிசம்பர் வரை இழுக்கும் மழையும் வந்தால்? குஞ்சு மணலில் இறங்கவேண்டிய சமயத்தில் தண்ணீரில் உப்பே இல்லை என்றால், அந்த மூன்று மாதம் மீனவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு என்ன பலன்?

அடுத்தது கழிவு. காயலின் ஒரு பக்கம் முழுக்கக் கொல்லம் நகரம். சாக்கடை, பிளாஸ்டிக், படகுகளின் எண்ணெய் எல்லாம் இறங்குகிறது. தென்னை மட்டையை ஊறப்போட்டுக் கயிறு திரிக்கும் பழைய தொழிலும் இங்கே உண்டு. மட்டை அழுகும்போது நீரின் பிராணவாயுவைத் தின்று, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். அந்த இடத்து அடிமண் கறுத்துப்போகும். சுற்றுச்சூழல் கட்டுரைகளில் சுற்றுலாப் படகை மட்டும் திட்டிவிட்டு, கயிற்றுத் தொழிலைப் பாரம்பரியம் என்று பாராட்டிவிட்டுப் போவது வழக்கம். மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2023 மார்ச்சில், வேம்பநாடு, அஷ்டமுடி காயல்களின் மாசைத் தடுக்கத் தவறியதற்காகக் கேரள அரசுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

'வரத்தன்' வந்த கதை

மூன்றாவதாக ஒரு விருந்தாளி. தென், மத்திய அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சிறிய ஆளி கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டியோ, கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரிலோ பயணம் செய்து கேரளக் காயல்களுக்கு வந்துசேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. கொல்லத்துக்காரர்கள் வைத்த பெயர் 'வரத்தன் கக்கா'. வரத்தன் என்றால் வெளியூர்க்காரன்.

உப்பு ஏறினாலும் இறங்கினாலும் இது தாங்கும். வேகமாகப் பெருகும். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் கம்பளம் போலப் படரும். ஏற்கெனவே அங்கே இருந்த பச்சை ஆளியும் (கேரள ஹோட்டல்களில் கல்லுமக்காய் என்று சாப்பிட்டிருப்பீர்கள்) முரிங்ஙா எனும் சிப்பியும் இதனிடம் இடத்தைப் பறிகொடுத்தன. பிரேசிலில் இதே ஆளியை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். இங்கே அதற்குப் பெரிய சந்தை இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இது பழகிய கதையாகத் தோன்றினால், காரணம் இருக்கிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்வது இதையேதான். அங்கே அது ஆற்றின் அடிப்பரப்பை மூடி, இறாலும் மட்டியும் வாழும் இடத்தை எடுத்துக்கொண்டதாக மீனவர்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த எண்ணூருக்கும், ராம்சார் பட்டியலில் இருக்கும் அஷ்டமுடிக்கும் ஒரே விருந்தாளி.

விதி யாருக்கு?

அஷ்டமுடியில் நிர்வாகம் செய்யப்பட்டது மீன்பிடி மட்டும்தான். காயல் அல்ல. மீன்வளத் துறையால் வலைக்கண்ணை அளக்க முடியும், தடைக்காலம் போட முடியும். ஆனால் அணையில் எப்போது எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பது வேறொரு துறையின் கையில். சாக்கடை மாநகராட்சியின் கையில். ஆலைக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில். படகு சுற்றுலாத் துறையின் ஆசை. கப்பல் கொண்டுவரும் அந்நிய உயிரினம் யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் எல்லாரையும் கைகாட்டுவார்கள். 2017-ன் சதுப்புநில விதிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஓர் ஆணையம் இருக்கவேண்டும் என்கின்றன. காகிதத்தில் அதுதான் எல்லாரையும் சேர்க்கும் இடம். அணை மதகுக்கோ சாக்கடைக் குழாய்க்கோ கட்டளையிடும் பலம் அதற்கு இல்லாதவரை, அந்த ஆணையம் இன்னொரு கையெழுத்து மட்டுமே.

இந்த வரிசையில் மூன்று மாதம் தொழிலை நிறுத்தியவர்கள் மட்டி எடுப்பவர்கள் மட்டும்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். சுலபமாகக் கட்டுப்படுத்தக் கூடியவர்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறோம்.

அதனால் மீன்பிடி விதிகள் வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விதிகள் இல்லாமல் போயிருந்தால், 1993-லேயே கதை முடிந்திருக்கும். இருபது வருடம் 3,000 பேர் சாப்பிட்டிருக்க முடியாது. ஆனால் வாழிடம் கெட்டுக்கொண்டே போனால், எவ்வளவு நல்ல விதியும் குறைந்துகொண்டே வரும் ஒன்றைச் சரியாகப் பங்கிடும் கணக்காகத்தான் இருக்கும்.

குஞ்சு விட்டால் சரியாகிடுமா?

2024-ல் விடப்பட்ட 30 லட்சம் குஞ்சுகள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையத்துப் பொரிப்பகத்தில் உருவானவை. காயலில் எடுத்த தாய் மட்டிகளை முட்டையிட வைத்து, குஞ்சைக் கொஞ்ச காலம் வளர்த்து, தேர்ந்தெடுத்த இடங்களில் விட்டார்கள். 10,000 டன் எடுத்த காயலுக்கு 30 லட்சம் என்பது எண்ணிக்கையில் சின்னது. நோக்கம் அவற்றையே அறுவடை செய்வது அல்ல. அவை வளர்ந்து முட்டையிட்டு, இயற்கையான குஞ்சுவரவை மறுபடி கிளப்பிவிட வேண்டும். வங்கிக்கணக்கு காலியானபிறகு போடும் முதல் டெபாசிட் மாதிரி.

இது பலிக்குமா என்பதை அடுத்த சில மழைக்காலங்கள்தான் சொல்லும். 'இத்தனை லட்சம் மீன்குஞ்சு விடப்பட்டது' என்று அமைச்சர் பக்கெட்டைக் கவிழ்க்கும் படத்தோடு செய்தி வருவது நம் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அடுத்தமுறை அப்படி ஒரு செய்தியைப் பார்க்கும்போது கேட்கவேண்டியவை கொஞ்சம் வேறு கேள்விகள். விட்ட இடத்தை எத்தனை மாதத்துக்கு மீன்பிடி இல்லாமல் விடுகிறார்கள்? ஆறு மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தன என்று யாராவது எண்ணினார்களா? அந்த வருடம் உப்பின் அளவைத் தொடர்ந்து அளந்தார்களா? குஞ்சு விட்ட இடத்துக்கு அருகில் விழும் சாக்கடைக் குழாய் இன்னும் திறந்தேதான் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மீன்வளத் துறையிடம் பதில் இருக்காது. மாநகராட்சியிடம்தான் கேட்கவேண்டும்.